விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாமா?

நத்தார் விடுமுறையில் நிவித்திகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளைகளையும் இளைஞரையும் கூட்டி மறைப்பாடம் நடத்தும் பொறுப்பு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "நீங்களே பேசிக்கொண்டிராமல் அவர்களையும் பேச வையுங்கள்" என்று பங்குச் சுவாமியார் சொல்லி அனுப்புகிறார். நல்ல யோசனைதான். ஆனால் அதற்குள் ஓர் ஒழுக்கப் பிரச்சினை ஒளிந்திருக்கிறது. விடையை முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டு பிறரிடம் கேள்வி கேட்பது நேர்மையாகுமா?

உதாரணம் ஒன்று பாருங்கள். "இன்றிரவு சூசையப்பரும் தேவதாயும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன செய்வீர்கள்?" நத்தார்ப் பாடம் நடத்துவோர் பலரும் கேட்கும் கேள்வி இது. பிள்ளைகள் நம் முகத்தைப் பார்ப்பார்கள். எதை எதிர்பார்க்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். "உள்ளே வாங்க என்போம்" என்று ஒரே குரலில் சொல்லிவிடுவார்கள். நாமும் மகிழ்ந்துபோவோம். ஆனால் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில் பாட்டி, தாய் தகப்பன், பிள்ளைகள் நால்வர் என்று ஏழு பேர் படுக்கும் வீட்டிலிருந்து வந்த ஒரு சிறுமி, "இடமில்லை டீச்சர்" என்று சொன்னால்? அப்போது என்ன செய்வீர்கள்?

"அப்படிச் சொல்லக்கூடாது பிள்ளை" என்று திருத்தினால், அவள் அன்று கற்பது ஒன்றே ஒன்றுதான்: கோயில் விஷயத்தில் உண்மையைவிட ஆசிரியருக்குப் பிடித்ததைச் சொல்வதே நலம். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையைப் போதிக்கும் நாமே அவளுக்குப் பொய் பழக்கியவர்களாகிறோம். இது சிறிய தவறன்று.

இதிலே வேடிக்கை என்னவென்றால், வேதபுத்தகத்துக்குக் கிட்ட நிற்பவள் அந்தச் சிறுமிதான். லூக்காஸ் நற்செய்தியில் சத்திரக்காரர் என்று ஒருவர் வருவதே இல்லை. அவர் நம் நத்தார் நாடகங்களில் பிறந்தவர். சத்திரம் என்று நாம் படித்துவந்த இடத்தில் லூக்காஸ் எழுதிய கிரேக்கச் சொல் 'கத்தலுமா'. இதே சொல்லை அவர் இயேசுநாதர் இராப்போசனம் அருந்திய அறைக்கும் பயன்படுத்துகிறார். நல்ல சமாரியன் காயப்பட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த உண்மையான சத்திரத்துக்கோ வேறொரு சொல்லைக் கையாள்கிறார். ஆகவே, விருந்தினர் நிறைந்துவிட்ட ஓர் உறவுக்காரர் வீட்டைத்தான் அவர் காட்டுகிறார் என்று வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள். அக்காலத்துப் பாலஸ்தீன ஏழை வீடுகளில் ஆடுமாடுகளும் இரவில் ஒரு பக்கத்தில் கட்டப்படுவது வழக்கம். தீவனத் தொட்டி அங்கேயே இருக்கும். திருநாளுக்குச் சொந்தக்காரர் வந்துவிட்டால் பாதிப்பேர் இஸ்தோப்பில் படுக்கும் நமது தோட்டத்துப் பிள்ளைக்கு இதை விளக்கவா வேண்டும்? இடமில்லாத வீடு அவளுடைய வீடு. பாலன் பிறந்ததும் அப்படிப்பட்ட வீட்டில்தான் என்று அவளிடம் சொல்லலாமே.

அப்படியானால் தெரிந்ததைக் கேட்பதே கபடமா? அதுவும் இல்லை. ஏதேன் தோட்டத்தில் ஆதாமை நோக்கி 'எங்கே இருக்கிறாய்' என்று கேட்ட சர்வேசுரனுக்கு அவன் ஒளிந்த இடம் தெரியாதா? தெரிந்தும் கேட்டார். கேட்கப்பட்டவன் தன் வாயால் உண்மையைச் சொல்ல இடம் கொடுப்பதற்காகக் கேட்டார். நல்ல சமாரியன் உவமையின் முடிவிலும் அப்படியே. அயலான் யார் என்று இயேசு திருப்பிக் கேட்டபோது, அந்தச் சட்ட வல்லுநர் 'சமாரியன்' என்ற பெயரைச் சொல்லாமல், இரக்கம் காட்டியவன் என்று சுற்றி வளைத்துத்தான் பதில் தந்தார். ஆண்டவர் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து பிடுங்க முயலவில்லை. கிடைத்த பதிலையே ஏற்றுக்கொண்டார்.

இதை நாம் இங்கே நன்றாகக் கவனிக்க வேண்டும். இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் பல பிள்ளைகள் சிங்கள மொழியிலேயே படிக்கிறார்கள். தமிழில் கேட்ட கேள்விக்குப் பாதி சிங்களத்தில் பதில் வரும். வரட்டும். முதலில் பதிலைக் கேளுங்கள், மொழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திருநாளைக் கேள்வியால் கற்பிப்பது புதுமையுமன்று. பாஸ்குத் திருநாளின் பொருளைப் பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்று யாத்திராகமம் 12ஆம் அதிகாரமே கூறுகிறது. இன்றும் யூதக் குடும்பங்களில் அவ்விரவில் கேள்வி கேட்பது கடைக்குட்டியின் உரிமை. முதலில் பிள்ளை கேட்கிறது, பிறகே தகப்பன் சொல்கிறார்! நாம் இதைத் தலைகீழாக்கிவிட்டோம்.

"அப்படியென்றால் விசுவாச சத்தியங்களைப் பிள்ளைகளின் வாக்கெடுப்புக்கு விடுவதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வார்த்தை மனுவுருவானார் என்பது கலந்துபேசி முடிவு செய்யும் காரியமல்ல. விசுவாசத்தைக் குறையின்றி முழுமையாகப் பெறுவது சீடனின் உரிமை என்று இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1979இல் மறைக்கல்வி பற்றிய தமது மடலில் எழுதினார். ஆகவே சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லிவிடுங்கள். அதைக் கேள்விபோல வேஷம் போட்டுக் காட்ட வேண்டாம். கேட்பதை, அவர்களுக்கு மட்டுமே தெரிந்ததைப் பற்றிக் கேளுங்கள்.

அப்படிப்பட்ட கேள்வி லூக்காஸ் இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. செசார் அகுஸ்துவின் குடிமதிப்புக்காகப் பெயர் பதியப் போன குடும்பம் அது. பெயர்ப் பதிவு என்றால் என்னவென்று நம் தோட்டத்து மக்களைவிட யாருக்குத் தெரியும்? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எஞ்சியிருந்த நாடற்றோருக்குச் சட்டப்படி வழி பிறந்தது 2003இல். இடையில் எத்தனை குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன! இதிலே ஆசிரியரின் கையில் விடை கிடையாது. அவர் கேட்டுவிட்டு உண்மையாகவே காத்திருக்க வேண்டும்.

மறைக்கல்வி கற்பிப்பதில் சலிப்புற்ற தெயோகிராசியாஸ் என்ற தியாக்கோனுக்குப் புனித அகுஸ்தீனார் சுமார் 400ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதி அனுப்பினார். கேட்பவன் கொட்டாவி விட்டால் அவனிடம் பேச்சுக் கொடுத்துப் பார், நின்று களைத்தவனுக்கு ஆசனம் கொடு என்பதும் அதில் அடங்கும். விடியுமுன் எழுந்து பால்வெட்டப் போய்வந்தவர்களும் உங்கள் கூட்டத்துக்கு வருவார்கள். இஸ்தோப்பில் நல்ல பாயாக விரித்துவையுங்கள். பிள்ளைகளிடம் பாட்டிமாரையும் கூட்டிவரச் சொல்லுங்கள். பெயர் பதிந்த கதையை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.