கணிப்பொறிக் கூடத்தில் ஓர் அறவினா

உதவி செய்தல் நன்று என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயினும், உதவி என்னும் பெயரால் நாம் பிறர்க்குச் செய்வன யாவும் உதவியாகுமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்க வினாவாகும். இதற்கு விடை காணப் பெருநூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. நம் பிள்ளைகள் சென்று வரும் கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்திலேயே இவ்வினா எழுகின்றது.

நாம் நன்கறிந்த பொறியியல் மாணவர் ஒருவர்க்கு நேர்ந்ததைக் கூறுவோம். செய்முறை வகுப்பில் அவர் எழுதிய நிரல் பிழை காட்டியது. பக்கத்து இருக்கையில் இருந்த நண்பர் கெட்டிக்காரர், இரக்கமும் உடையவர். "சற்று நகர்ந்துகொள்" என்று கூறி, விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்து, ஐந்தே நிமிடத்தில் நிரலைத் தாமே எழுதி முடித்தார். அப்பருவம் முழுவதும் இவ்வாறே நடந்தது. ரெக்கார்டு நோட்டில் எல்லாப் பயிற்சிகளுக்கும் ஆசிரியரின் கையொப்பம் கிடைத்தது. தேர்வு நாளன்று இருவர்க்கும் வெவ்வேறு இருக்கைகள். உதவி பெற்றவர் வெறுந்திரையை நோக்கியவாறே நெடுநேரம் அமர்ந்திருந்து, எழுதாமலே எழுந்து வந்தார். "அவனுக்கு எல்லாம் கொடுத்தேன் என்று எண்ணியிருந்தேன், ஒன்றுமே கொடுக்கவில்லை போலும்" என நண்பர் பின்னர் நம்மிடம் வருந்தினார்.

இவர்தம் அன்பில் குறையில்லை. ஆனால் அன்போடு வேறொன்றும் கலந்திருந்தது. தம் திறமை விரைவாய் வெளிப்படுவதில் உண்டாகும் மகிழ்ச்சியே அது. கேட்டவர் தடுமாறித் தடுமாறிக் கற்பதைப் பொறுத்திருந்து காண்பதினும், தாமே செய்து முடித்தல் எளிது. ஆதலின் உதவுவோர்க்கு முதற்கண் வேண்டுவது அறிவன்று, பொறுமையே என்போம்.

எடுத்துக்காட்டாக, சி மொழியில் ஒரு வரியின் இறுதியில் அரைப்புள்ளியை விட்டுவிட்டால், நிரலைச் சரிபார்க்கும் தொகுப்பி சில வேளைகளில் அடுத்த வரியையே சுட்டிப் பிழை என்று கூறும். புதிதாய்க் கற்பவர் பிழையற்ற அவ்வரியையே நோக்கி மயங்குவார். அறிந்தவர் தம் கையால் அரைப்புள்ளியை இட்டுவிட்டால் அன்றைய வேலை முடியும். "பிழை சுட்டிய வரிக்கு முந்தைய வரியையும் பார்" என்று மட்டும் கூறினால், கேட்டவர்க்கு அது வாழ்நாள் முழுவதும் பயன்படும். முன்னதில் விசைப்பலகை உதவுபவர் கையில் உள்ளது. பின்னதில் கற்பவர் கையிலேயே இருக்கின்றது. வேறுபாடு சிறிது, விளைவோ பெரிது.

கேட்பவர்க்கும் கடமை உண்டு. கேட்பது இழிவன்று, முயலாமல் கேட்பதே பிழை. "வேலை செய்யவில்லை" என்று மட்டும் கூறுவது, தம் சுமையை அப்படியே பிறர் தலையில் ஏற்றுவதாகும். தாம் செய்ய நினைத்தது யாது, செய்தது யாது, திரையில் தோன்றிய பிழைச்செய்தி யாது என்னும் மூன்றையும் தெளிவுறக் கூறுதல் வேண்டும். பத்துப் பிழைகள் தோன்றினும் முதற்பிழையையே முதலில் ஆராய்தல் வேண்டும். ஏனையவை பலவும் அதன் வழி வந்தவையாய் இருத்தல் கூடும். இவ்வாறு கேட்கப் புகுந்தோர் பலர், கேட்டு முடிக்கும் முன்னரே தம் பிழையைத் தாமே கண்டுகொள்வதை நாம் பார்த்திருக்கின்றோம். ஆய்வக உதவியாளரும் நாள் முழுவதும் பலர்க்கும் விடை கூறிக் களைத்தவர் என்பதை நினைத்து, முறை வரும்வரை காத்திருத்தலும் நன்றி கூறுதலும் வேண்டும்.

உதவியே அன்றி, பொதுப்பொருளைப் பகிர்ந்துகொள்வதிலும் இவ்வறம் உண்டு. ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்த தொடக்க நாட்களிலேயே இச்சோதனை நேர்ந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவர்க்கு இத்தனை மணி நேரம் என அளவு வகுத்திருந்தனர். 1962இல் ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், தமக்குரிய நேரம் தம் ஆராய்ச்சிக்குப் போதாமையால், எல்லோருடைய கடவுச்சொற்களையும் அச்சிட்டு எடுத்துப் பிறர் கணக்கில் வேலை செய்தார். பல ஆண்டுகளுக்குப் பின்னர்த் தாமே அதனை வெளிப்படுத்தினார். அவர் நோக்கம் கல்விதான். பொன்னோ பொருளோ அன்று. ஆயினும் அவர் எடுத்துக்கொண்டது பிறர்க்கு அளிக்கப்பட்ட நேரத்தை. கண்ணுக்குத் தெரியாத பொருளாயினும் பிறருடையது பிறருடையதே. கள்ளாமை அதனையும் தழுவும்.

இன்று பலர் வீட்டிலும் மடிக்கணினி உள்ளது. எனினும் கூடத்தில் பிறர் காத்திருக்க விளையாட்டில் பொழுதைப் போக்குதல், வேண்டாத பக்கங்களை அச்சிடுதல், நண்பர் மூடாமற்போன கணக்கைத் திறந்து பார்த்தல் ஆகியவை சிறியன என்று தள்ளத்தக்கன அல்ல. மூடாத கணக்கைக் கண்டால், உள்ளே நோக்காது மூடிவிட்டு உரியவர்க்குச் சொல்லுதலே பண்பு.

கேட்டவுடன் முழு நிரலையும் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இப்போது வந்துவிட்டன. விசைப்பலகையை இழுத்துக்கொண்ட அந்நண்பரைப் போன்றே இவையும் களிப்புடன் விடை தருகின்றன. விடையைப் பெறுவதா, விடை காணும் ஆற்றலைப் பெறுவதா என்னும் தேர்வு மட்டும் இன்னும் மாணவர் கையிலேயே உள்ளது.

பெற்றோர் தம் மக்களிடம் மதிப்பெண்ணை வினவுவது இயல்பே. அதனோடு, "இன்று யாரிடம் எதைக் கேட்டாய்? யார்க்கு எவ்வாறு உதவினாய்?" என்றும் வினவுவாராக. பிறர்க்குத் தம் கையைத் தருவதினும், பிறர் தம் கையால் செய்யும்வரை அருகில் அமர்ந்திருத்தலே சிறந்த உதவி என்பது நம் துணிபு.