மாக்கோழியும் வெள்ளித்திரையும்

இல்லறத்தார்க்கு முதுமையில் வாய்க்கும் பேறுகளுள் பெயரப் பிள்ளைகளோடு கூடி வாழ்தல் ஒன்று. அப்பேறு ஒரு தேர்வும் ஆகும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் உணர்ந்தேன். நாம் போதிக்கும் அறத்தை நாமே எங்கே நழுவ விடுகிறோம் என்பதைக் குழந்தைகளைப் போலக் கண்டறிவார் எவருமிலர்.

வந்தவாசி வட்டாரத்துச் சிற்றூரில் வாழ்ந்த நான், துணைவி மறைந்தபின், பாம்பனில் பணிபுரியும் மகனுடைய இல்லத்தில் தங்கியுள்ளேன். சுற்றிலும் கடல்தொழில் புரியும் மக்கள். எங்கள் தெருவில் நம்மவர் வீடு வேறில்லை. விடியலில் எட்டு வயதுப் பெயர்த்தி பஞ்ச நமஸ்காரம் சொல்வாள். ஐந்து வயதுப் பெயரன் பாதியிலேயே உறங்கிவிடுவான். தண்ணீர் வடிகட்டும்போது துணியின் முனைகளைப் பிடித்துக்கொள்வது அவ்விருவருக்கும் உரிய பணி. மாலையில் கடற்கரைக்குச் செல்வோம். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய இருப்புப்பாதைப் பாலத்தின் நடுப்பகுதி, கப்பலுக்கு வழிவிட்டு நேரே மேலெழும் நாள் எங்களுக்குத் திருநாள். கதிரவன் மறையுமுன் உணவு. அதன்பின் கதை.

ஒரு நாள் யசோதர காவியத்தின் கதையைச் சொன்னேன். தீக்கனாக் கண்ட மன்னன் யசோதரனிடம், தேவிக்கு உயிர்ப்பலி கொடுக்குமாறு தாய் சந்திரமதி வற்புறுத்துகிறாள். அவன் மறுக்கிறான். முடிவில், மாவினால் கோழி ஒன்று செய்து அதனைப் பலியிடலாம் என்று இருவரும் உடன்படுகின்றனர். வெட்டுண்டது வெறும் மாவு. எனினும் கொல்லும் எண்ணம் மெய்யாக இருந்தமையால், தாயும் மகனும் மயிலாகவும் நாயாகவும் மீனாகவும் இன்னும் பல விலங்குகளாகவும் பிறந்து துன்புற்றனர். குழந்தைகள் விழி அகலக் கேட்டனர்.

அதற்கடுத்த வாரம் மகன் எங்களைத் திரைப்படத்துக்கு அழைத்துச் சென்றான். அண்டை வீட்டு அன்பரும் உடன் வந்தார். அவர் கடலுக்குச் செல்பவர். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற தொடர்வண்டியையும் அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரையும் 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல் விழுங்கியதே, அதே புயலில் தம் பெரிய தந்தையாரை இழந்த குடும்பம் அவருடையது.

படத்தில் தாயை இழந்த சிறுமி அழும் காட்சியில் பெயரன் தேம்பினான். இடைவேளையில் தின்பண்டம் கேட்டான். இராப்பொழுது என்று சொல்லி அமர்த்தினேன். முடிவில், ஏழைகளை வதைத்த கொடியவனின் படகு நடுக்கடலில் பிளந்தது. அவன் கையை உயர்த்தி உயர்த்தி மூழ்கினான். அரங்கம் ஆர்ப்பரித்தது. நானும் கை தட்டினேன்.

வீடு திரும்பும் வழியில் அண்டை வீட்டு அன்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "படந்தான் ஐயா. ஆனாலும் கடலில் மூழ்குகிறவன் எவனாயிருந்தாலும் கை தட்ட எனக்கு மனம் வரவில்லை" என்றார். உடனே பெயர்த்தி என் முகத்தைப் பார்த்தாள். "தாத்தா, செத்தவரும் மாவுக்கோழிதானே? நீங்கள் மட்டும் ஏன் கை தட்டினீர்கள்?"

விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. அவ்வினாவை அன்றிரவு முழுதும் எண்ணிப் பார்த்தேன்.

திரைப்படம் என்பது நொடிக்கு இருபத்து நான்கு அசையாப் படங்களின் ஓட்டம். ஒளி விழுகிறது, விளக்கணைந்தால் வெறுந்துணி. மூழ்கிய நடிகர் உடை மாற்றிக்கொண்டு வீடு சென்றிருப்பார். எனவே அங்கே திரவிய இம்சை இல்லை. ஆனால் பாவ இம்சை எனப்படும் உள்ளத்துக் கொலைக்கு உயிருள்ள பொருள் எதிரே இருக்கவேண்டும் என்பதில்லை. மன்னனுக்கு மாவு போதுமானதாயிருந்தது. எனக்கு ஒளி போதுமானதாயிற்று. செய்தல், செய்வித்தல், செய்தாரை உவத்தல் என வினை மூவழியாக வந்து சேரும் என்று நம் அறநூல்கள் வகுத்துள்ளன. கை தட்டல் மூன்றாம் வழி.

"கொடியவன்தானே அழிந்தான்?" என்று என் மனமே வாதிட்டது. கொடுமை அழிந்ததற்கு மகிழ்தல் வேறு; ஒருவன் மூச்சுத் திணறுவதைக் கண்டு மகிழ்தல் வேறு. அந்நேரத்தில் என்னுள் எழுந்தது இரண்டாவது மகிழ்ச்சியே என்பதை நான் அறிவேன்.

அவ்வாறாயின் திரைப்படத்தையே விலக்கிவிடலாமா? கொலையைக் காட்டுவதனாலேயே ஒன்று தீயதாகிவிடுமெனில் யசோதர காவியத்தையும் விலக்க நேரும். போரையும் காதலையும் விரித்துரைக்கும் சீவக சிந்தாமணியைப் பாடிய திருத்தக்கதேவரோ துறவி! காவியம் கொலையோடு நிற்பதில்லை. வினையின் பயன் வரை நம்மை அழைத்துச் சென்று, கொன்றவனுக்காகவும் இரங்க வைக்கிறது. நான் கண்ட படம் அவன் மூழ்கியவுடன் முடிந்து, நம் கைத்தட்டலைக் கேட்டது. இரங்கச் செய்யும் படங்களும் உள்ளன. அன்றியும், அதே படத்தில் தாயற்ற சிறுமிக்காகப் பெயரன் சிந்திய கண்ணீர் பொய்யன்று. கொடுமையை உவந்த என் உள்ளம் மெய்யெனில், இரங்கிய அவன் உள்ளமும் மெய்யே. ஆதலின் திரையில் தோன்றுவதைக் காட்டிலும், காண்போன் உள்ளத்தில் தோன்றுவதே காக்கத்தக்கது.

தின்பண்டத்தைத் தடுத்த எனக்கு அன்று என் கைகளைத் தடுக்கத் தெரியவில்லை. உணவில் நோன்பு காத்துவிட்டோம் என்னும் நிறைவே என்னை அயரச் செய்தது போலும். கடல்தொழில் புரியும் அன்பரோ, மூழ்குவோனின் துயரை அறிந்தவர் ஆதலின், எந்நூலும் கற்காமலே கையைக் காத்துக்கொண்டார். அவர் தொழிலை எண்ணி அவரினும் என்னை உயர்ந்தவனாகக் கருதிய நாள்கள் உண்டு. அதையும் அன்றைய பிரதிக்கிரமணத்தில் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பெயர்த்தியை அழைத்து, "அம்மா, நான் கை தட்டியது தவறு" என்றேன். அவள் சற்றுச் சிந்தித்துவிட்டு, "நானும் தட்டினேன் தாத்தா" என்றாள். இருவரும் கடற்கரைக்குச் சென்றோம். அன்பரின் படகு அதிகாலையிலேயே புறப்பட்டுப் போயிருந்தது. அது நலமே திரும்பவேண்டும் என்று வேண்டிக்கொண்டோம்.

அடுத்த விடுமுறையிலும் படத்துக்குப் போகவேண்டுமாம். போவோம். ஆனால் படம் முடியும்வரை நான் கைகளைக் கட்டிக்கொண்டு அமரவேண்டும் என்பது பெயர்த்தியின் கட்டளை.