இடைகழியில் ஏற்றிய விளக்கு

விழுப்புரத்துக்கு மேற்கே, திருக்கோவலூரில் ஒரு மழையிரவு. சிறிய இடைகழியில் பொய்கையாழ்வார் சயனித்திருந்தார். பூதத்தாழ்வார் வந்தார், இருவரும் அமர்ந்தனர். பேயாழ்வார் வந்தார்; மூவரும் நின்றனர். உள்ள இடத்தின் அளவை ஒளியாமல் உரைத்து, அதனையும் பகிர்ந்துகொண்டனர்.

அப்போது நான்காமவர் ஒருவர் புகுந்து நெருக்குவதை உணர்ந்தனர். இருளில் "நீரே நெருக்கினீர்" என்று ஒருவரையொருவர் பழித்தாரில்லை. உண்மை காண முற்பட்டனர். பொய்கையார் உலகையும், பூதத்தார் அன்பையும் விளக்காக்கினர். பேயார் பிராட்டியோடு எம்பெருமானைக் கண்டார்.

திண்டிவனம், விழுப்புரம் வழியே சேவிக்க வரும் பெற்றோர், இச்சரிதத்தைக் குழந்தைகளுக்கு உரைப்பாராக. தோழனின் பலகையை உடைத்துவிட்டு மற்றொருவன்மேல் பழிசுமத்தும் பிள்ளை இருளிலேயே நிற்கிறது. "நானே உடைத்தேன்" என்று மெய் கூறும் பிள்ளையோ விளக்கேற்றுகிறது. அவ்வொளியில் நட்பும் நிலைக்கும். நடுவே எம்பெருமானும் எழுந்தருள்வான்.