வியர்வையும் தூய்மையும்

வியர்வையோடு சேர்ந்து உடலிலிருந்து வேறு எது வெளியேறுகிறது என்னும் கேள்வி மருத்துவத்துக்கு உரியதாகத் தோன்றினாலும், அதன் வேர் சமயத்தில் இருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத வெப்பக் கதிர்களை உடல்மீது பாய்ச்சும் சிறு மர அறையான அகச்சிவப்பு சானா, இன்று பெரும்பாலும் ‘நச்சு நீக்கம்’ என்னும் வாக்குறுதியோடுதான் விற்கப்படுகிறது. அவ்வாக்குறுதியின் வழித்தடத்தைப் பின்தொடர்ந்தால், அது ஒரு கிறித்தவச் சபையின் நல்வாழ்வு நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பேட்டில் கிரீக் நகரில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் 1866இல் தொடங்கிய அந்நிலையத்தை, 1876 முதல் நடத்தியவர் மருத்துவர் ஜான் ஹார்வி கெல்லாக். 1891இல் அவர் அமைத்த மின்னொளிக் குளியல் பெட்டியின் உட்புறமெங்கும் இழைவிளக்குகள் எரிந்தன. உட்கார்ந்து குளிக்கும் வகைப் பெட்டியில், நோயாளியின் தலை மட்டும் வெளியே தெரிய, உடல் உள்ளே வியர்த்துக் கொட்டியது. இழைவிளக்கு மின்னாற்றலின் மிகச் சிறு பங்கையே ஒளியாக்குகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை, 1800இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷெல் சூரிய நிறமாலையின் சிவப்புக்கு அப்பால் வெப்பமானி வைத்துக் கண்டறிந்த அகச்சிவப்புக் கதிராகவே வெளிவிடுகிறது. ஆகவே ஒளிக் குளியல் என்ற பெயரில் அங்கே நடந்தது பெரிதும் அகச்சிவப்புக் குளியலே.

உடல் தூய ஆவியின் ஆலயம் என்று விவிலியத்தில் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை அச்சபை உணவு, உடை, குளியல் வரை கொண்டுசென்றது. உடலைப் பேணுவது அவர்களுக்குச் சமயக் கடமையாயிற்று. 1903இல் வெளிவந்த ‘உயிருள்ள ஆலயம்’ என்னும் நூலில் கெல்லாக் இன்னும் முன்னே சென்று, உடலின் ஒவ்வோர் இயக்கத்திலும் கடவுளே நேரடியாகச் செயல்படுகிறார் என்றார். அது படைத்தவரையும் படைப்பையும் ஒன்றாக்கும் கோட்பாட்டுக்கு இட்டுச் செல்லும் என்று சபையின் நிறுவனர்களுள் ஒருவரான எலன் வைட் கண்டித்தார். 1907இல் கெல்லாக் சபையினின்று நீக்கப்பட்டார். அந்த இறையியல் சர்ச்சை ஓய்ந்துபோனது. குடலில் தேங்கும் கழிவே நஞ்சாகி நோய்களை விளைவிக்கிறது என்று அவர் விடாது போதித்த கருத்தோ, மருத்துவ உலகம் கைவிட்ட பின்னும் மக்களிடையே நிலைத்துவிட்டது. பாவம் இருந்த இடத்தில் நச்சு வந்து அமர்ந்தது.

வியர்வை பெரும்பாலும் நீரும் உப்பும். அதன் வேலை உடலைக் குளிர்விப்பது. கழிவுகளை அகற்றும் பொறுப்பு முதன்மையாகக் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. இன்றைய சானாக்கள் பெரும்பாலும் பாய்ச்சும், ஆழ ஊடுருவுவதாகச் சொல்லப்படும் தொலை அகச்சிவப்புக் கதிரோ தோலின் மேற்பரப்பில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்திலேயே, உறிஞ்சப்பட்டுவிடுகிறது. அதற்குமேல் வெப்பத்தை உள்ளே கொண்டுசெல்வது இரத்த ஓட்டமே. இவ்வெப்பத்துக்குப் பயனே இல்லை என்பதன்று. ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சுவா டெய் வகுத்த ‘வாவோன்’ முறையில், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் 60 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அகச்சிவப்பு சானாவில் 15 நிமிடமும், பின் போர்வைக்குள் 30 நிமிடமும் வைக்கப்பட்டார்கள். இரத்தக் குழாய்கள் விரிந்து இதயத்தின் சுமை குறைவதைச் சிறு ஆய்வுகள் காட்டின. அங்கே பயன் தந்தது வெப்பமும் ஓய்வும். நச்சு நீக்கம் என்ற கருத்து அதற்குத் தேவைப்படவே இல்லை.

சானாவிலிருந்து வெளியே வருபவர் மனமும் உடலும் இலேசானதாக உணர்வது மெய்யே. எனினும் அவ்வுணர்வு, ஏதோ ஒரு பொருள் உடலை விட்டுப் போனதற்குச் சான்றாகாது. குழந்தைகள் பிறக்கவும் இறந்தோரைக் கழுவவும் சானாவையே நாடிய பழைய பின்லாந்து மக்கள், அங்கே கிடைத்த தூய்மையை எடைபோட்டுக் காட்ட வேண்டியிருக்கவில்லை; சடங்கு தரும் தூய்மைக்கு அளவுகோல் வேண்டியதில்லை. நச்சு நீக்கக் கோட்பாடோ அறிவியலின் அதிகாரத்தையும் கேட்கிறது, நம்பிக்கைக்குரிய விலக்கையும் கேட்கிறது. நலம் கூடினால் நச்சு போனது என்கிறது. தலை வலித்தால் நச்சு போய்க்கொண்டிருக்கிறது என்கிறது. எந்த விளைவாலும் பொய்ப்பிக்க முடியாத கூற்று அறிவியல் கூற்று ஆகாது என்று மெய்யியலாளர் கார்ல் பாப்பர் வரையறுத்தது இத்தகைய இடத்துக்கே பொருந்தும். இது ஏட்டளவில் நிற்கும் பிழையுமன்று: இரத்த அழுத்த மருந்து உட்கொள்ளும் ஒருவருக்கு அந்த அறையில் தலைசுற்றல் வந்தால், நீரிழப்பாலும் அழுத்தம் தாழ்வதாலும் வரும் எச்சரிக்கை அது; அதைத் தூய்மையின் அடையாளம் என்று கற்பிக்கப்பட்டவர் எழுந்து வெளியேற வேண்டிய நேரத்தில் உள்ளேயே அமர்ந்திருப்பார்.