மல்லாட்டையும் முனைவர் பட்டமும்

நம் படிப்புக்காக வீட்டில் உள்ளவர்களை எத்தனை வருஷம் காத்திருக்கச் சொல்லலாம்? அதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இந்தக் கேள்வி எல்லோருக்கும் வராது. வசதியுள்ள வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் திண்டிவனம் - புதுச்சேரி சாலையில் இருக்கிற கிளியனூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். மகள் பி.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டாள். "எம்.ஏ. படிச்சுட்டு பி.எச்டி. பண்ணப் போறேம்பா" என்கிறாள். எம்.ஏ. இரண்டு வருஷம். அதற்கு மேல் நாலோ அஞ்சோ. ஆக, ஏழு வருஷம். தம்பி படிப்பு, பழைய கடன், வீட்டுக் கூரை எல்லாம் அதுவரை காத்திருக்க வேண்டும். "சரிம்மா" என்கிறார் அப்பா. அந்த 'சரிம்மா' ஒரு கடன். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. ஆனாலும் கடன்தான்.

கடன் வாங்குகிறவர், எதற்கு வாங்குகிறோம் என்றாவது தெரிந்து வாங்க வேண்டும் இல்லையா? ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர் எம்.ஏ.வுக்கு இடம் தேடும்போதே இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நாம் எப்படித் தேடுகிறோம்? 'எது பெரிய பெயர்?' என்றுதான் கேட்கிறோம். டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், இந்தியப் புள்ளியியல் நிறுவனம், திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம், மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், பக்கத்திலேயே புதுச்சேரிப் பல்கலைக்கழகம் என்று வரிசை போட்டு, மேலே இருப்பதற்கு ஆசைப்படுகிறோம். தப்பில்லை. ஆனால் இவை ஒரே ஏணியின் படிகள் அல்ல. ஒன்று கணிதத்தில் கெட்டி, இன்னொன்று கிராமத்துக்குப் போய் விவரம் சேகரிப்பதில் கெட்டி. உங்களுக்கு எது வேண்டும் என்பது நீங்கள் எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஒரு உதாரணம். மல்லாட்டை பிடுங்குகிற சமயத்தில் எல்லார் மூட்டையும் ஒன்றாகச் சந்தைக்கு வருகிறது, விலை இறங்குகிறது. கையில் காசு உள்ளவர் காத்திருந்து விற்கிறார். கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றால், அன்றைக்கே விற்றாக வேண்டும். கிடங்கு கட்டிக் கொடுத்தால் இது தீருமா, வட்டி குறைந்தால் தீருமா? எது எவ்வளவு உதவியது என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

கேள்வி கிளியனூரிலேயே கிடைக்கிறது. ஆனால் பதிலுக்குப் புள்ளியியல் வேண்டும், கணிதம் வேண்டும். அந்த அடிப்படை இல்லாமல் வெளிநாட்டு பி.எச்டி.க்குப் போனால் முதல் வருஷமே மூச்சு முட்டும். அதனால் கணிதத்துக்குப் பயந்து சுலபமான இடத்தைத் தேடாதீர்கள். அதே சமயம், கணிதம் மட்டும் கற்றுக்கொண்டு மல்லாட்டையை மறக்கவைக்கிற இடமும் உதவாது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் நம் ஊரிலேயே உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1916-ல் தன் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, ஊருக்குப் போய் விவரம் சேகரித்து வரச் சொன்னார். யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று எழுதி வந்தார்கள். 1918-ல் அது புத்தகமானது. அதில் ஒரு ஊர் இருவேல்பட்டு. இன்றைய விழுப்புரம் மாவட்டம்தான். 1981-லும் 2008-லும் ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பப் போய், என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க முடிந்தது. அன்றைக்கு மாணவர்கள் ஒழுங்காக எண்ணி எழுதிவைத்ததால்தான் அது நடந்தது.

ஊரில் பிறந்தவருக்குத் தெரிந்ததை, ஊரையே பார்க்காதவரும் சரிபார்க்கிற மாதிரி சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தைத்தான் எம்.ஏ. தர வேண்டும்.

2022-ல் யு.ஜி.சி. விதியை மாற்றியது. நான்கு வருடப் பட்டப்படிப்பில் 75 சதவீதம் இருந்தால் எம்.ஏ. இல்லாமலே பி.எச்டி.யில் சேரத் தகுதி உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் எம்.ஏ.வைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. அப்படியானால் எம்.ஏ. எதற்கு? ஆராய்ச்சி நமக்கு ஒத்துவருமா என்று இரண்டே வருஷத்தில் தெரிந்துகொள்வதற்கு. ஒத்துவராவிட்டால் கௌரவமாக ஒரு வேலைக்குப் போவதற்கும்தான். அதனால் இடம் தேடும்போது மூன்று விஷயம் விசாரியுங்கள். கணிதம் எவ்வளவு சொல்லித் தருகிறார்கள்? உங்கள் கேள்வியில் அக்கறையுள்ள ஆசிரியர் ஒருவராவது இருக்கிறாரா? பாதியில் மனசு மாறினால் வெளியே வேலைக்கு வழி இருக்கிறதா?

வீட்டில் சம்மதம் கேட்கும்போது பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். எதைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்று, கல்லூரி வார்த்தை ஒன்றுகூட இல்லாமல், இரண்டே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால், ஏழு வருஷத்தைத் தயங்காமல் கேளுங்கள். முடியாவிட்டால் இப்போதைக்கு இரண்டு வருஷம் மட்டும் கேளுங்கள். மீதி ஐந்தை, கேள்வி கிடைத்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.