பறவைக்கு அரை டிக்கெட்

2024 மார்ச் கடைசியில் ஒரு பஸ் டிக்கெட்டின் படம் எல்லார் போனிலும் சுற்றியது. பெங்களூரிலிருந்து மைசூருக்குப் போன கர்நாடக அரசுப் பேருந்து. ஒரு பாட்டி, கூட அவர் பேத்தி. சக்தி திட்டம் இருப்பதால் இரண்டு பேருக்கும் கட்டணம் கிடையாது. ஆனால் அவர்கள் நான்கு லவ் பேர்ட்ஸ் கொண்டுபோனார்கள். கண்டக்டர் அவற்றுக்குக் குழந்தை டிக்கெட் கிழித்தார். தலைக்கு 111 ரூபாய், நாலுக்கும் சேர்த்து 444. அந்தக் கழகத்தில் வளர்ப்புப் பிராணிகளுக்குக் கட்டணம் வாங்கும் விதி இருக்கிறது, கண்டக்டர் அதைத்தான் செய்தார். எங்க கேன்டீனில் அந்தப் படத்தைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் நான் ஒரு பறவையோடு பஸ் ஏறியிருந்தேன். டிக்கெட் எடுக்கவில்லை.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு நான் போனது ஒரு பழைய டேபிள் ஃபேன் வாங்க. நைட் ஷிப்ட் முடிந்து தூங்காமல் போயிருந்தேன். அந்த நிலைமையில் மனுஷன் எதை வேண்டுமானாலும் வாங்குவான். செடிக்கடைகளைத் தாண்டிப் போனால் கூண்டுகள். பச்சை உடம்பு, மஞ்சள் முகம், மூக்குக்கு மேலே நீலம். "நீலமா இருந்தா ஆண் தம்பி, ஜோடியா எடுத்துக்க" என்றார் கடைக்காரர். ஒன்று போதும் என்றேன். "ஒண்ணா இருந்தா ஏங்கிப் போயிடும்பா." பரவாயில்லண்ணே, நான் இருக்கேன்ல என்றேன். அந்த வாக்கியம் இப்போது ஞாபகம் வந்தால் கூசுகிறது.

ஓட்டை போட்ட ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். அது சரியான முறைதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கண்ணுக்குத் தெரியும் உலகம் ஓடாமல் இருந்தால் பறவை கொஞ்சம் அடங்கும். போகிற வண்டியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் கவிழ்ந்து பறவை நனையும், அதற்குப் பதில் ஒரு துண்டு வெள்ளரிக்காய் போதும். ஏசி காற்று நேராகப் படக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் நாலைந்து நாள் தொடாமல் விட்டுவிட வேண்டும். அன்றைக்கு இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. தாம்பரத்தில் வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். முடிச்சூர் தாண்டியதும் ஓட்டை வழியாக ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளேயிருந்தும் ஒரு கண் பார்த்தது. படப்பை நெருங்கும்போது கண்டக்டர், "என்ன தம்பி பெட்டில?" என்றார். "சட்டைண்ணே." சொல்லி முடிக்கவில்லை, சட்டை கத்தியது. அவர் சிரித்துக்கொண்டே முன்பக்கம் போய்விட்டார்.

444 ரூபாய் டிக்கெட்டைப் பார்த்தபோது எனக்கு உறைத்தது இந்தப் பொய்தான். காசு மிச்சம் பிடித்ததல்ல. அந்தக் கண்டக்டர் பறவையைக் குழந்தை என்று எழுதினார். நான் அதைத் துணி என்று சொன்னேன். ரெண்டில் எது தப்பு? பறவை நிச்சயமாகக் குழந்தை இல்லை. ஆனால் டிக்கெட்டில் ஒரு பயணியாகவாவது அது பதிவானது. எங்கே ஏறியது, எங்கே இறங்கும் என்று ஒரு தாளில் இருந்தது. என் பெட்டியில் இருந்ததற்கு அது இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். நம்மூர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2023இல் ஒரு நகைச்சுவை நடிகர் வீட்டில் இரண்டு அலெக்சாண்டிரின் கிளிகள் இருந்ததற்கு வனத்துறை இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் போட்டதைப் படித்திருப்பீர்கள். நான் வாங்கியது அந்த வகையில் வராது. நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது பெரும்பாலும் பட்ஜெரிகார், ஆஸ்திரேலியப் பறவை. (உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காக்காரர்கள். பெயரை நாம் தவறாக ஒட்டிவிட்டோம், அதுவும் ஒரு வகை இடப்பெயர்ச்சிதான்.) 1840இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் உயிரோடு சிலவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு உலகம் முழுக்கக் கூண்டுகளில் பெருகியது. ஆஸ்திரேலியா பறவை ஏற்றுமதியை நிறுத்தியே அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. அதாவது பல்லாவரத்தில் நான் வாங்கிய பறவையின் பாட்டனுக்குப் பாட்டனும் கூண்டில் பிறந்தவன்.

2015இல் டெல்லி உயர்நீதிமன்றம் ஒரு இடைக்கால உத்தரவில், பறவைகளுக்கு வானத்தில் பறக்க அடிப்படை உரிமை உண்டு என்றது. படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும் உத்தரவு. அதை நம்பி நான் மொட்டை மாடிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தால் என்ன நடக்கும்? ஒரகடத்து வானத்தில் காக்காயும் வல்லூறும் இருக்கின்றன. எது தின்னக்கூடியது, தண்ணீர் எங்கே என்று இந்தப் பறவைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் செத்துப்போகும். அதற்கு விடுதலை என்று பெயர் வைத்துவிட்டு நான் கீழே வந்து நிம்மதியாகத் தூங்கலாம்.

க்ளேர் பாமர் என்ற தத்துவ அறிஞர் 2010இல் எழுதிய புத்தகத்தில் இதைக் கிட்டத்தட்ட இப்படித்தான் பிரிக்கிறார். காட்டு மிருகத்துக்கு நாம் செய்ய வேண்டியது தொந்தரவு கொடுக்காமல் இருப்பது. ஆனால் தன்னால் தனியாக வாழமுடியாத ஒரு உயிரை நாமே உண்டாக்கிவிட்டால், அதன் இயலாமைக்கு நாம் காரணம். அங்கே சும்மா இருப்பதே குற்றமாகிவிடும். சரிதான் என்று தோன்றியது. நான் இந்தப் பறவைக்குக் கடன்பட்டது வானத்தை அல்ல, கூடவே இருப்பதை. பட்ஜெரிகார் ஐந்திலிருந்து எட்டு வருஷம் வாழும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதற்கு மேலேயும்.

எட்டு வருஷம். என் கான்ட்ராக்ட் பதினொரு மாசம்.

இந்தப் பகுதியைத் தெரியாதவர்களுக்கு: வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள் கோவில் சாலையும் வெட்டிக்கொள்கிற இடம் ஒரகடம். சுற்றிலும் கார், பைக், லாரி, கண்ணாடி, டயர், போன் என்று ஆலைகள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி ஆரம்பித்ததிலிருந்து வளர்ந்துகொண்டே வருகிறது. இடையில் 2006இல் வந்து 2014இல் மூடிப்போன போன் ஆலையையும் இந்த மண் பார்த்திருக்கிறது. இங்கே வாடகைக்கு இருப்பவர்களிடம் "எவ்வளவு நாள் இருப்பீங்க?" என்று கேட்டால் யாரும் வருஷத்தில் பதில் சொல்வதில்லை. எங்கள் ரூமில் ஆறு பேர், படுக்கை நான்கு. ஏ ஷிப்ட்காரன் எழுந்து போனதும் சி ஷிப்ட்காரன் அந்தச் சூட்டிலேயே வந்து படுப்பான். ட்யூப்லைட் அணைவதே இல்லை. பறவைக்கு ராத்திரி பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டு வேண்டும் என்று படித்துவிட்டுக் கூண்டின் மேல் போர்வையைப் போட்டேன். சத்தத்துக்கு என்ன போர்வை போடுவது? கூட இருந்த தர்மபுரித் தம்பி ஒருநாள் சொன்னான்: "அண்ணா, நம்மள மாதிரியே அதுவும் மூணு ஷிப்ட் பாக்குது."

நான் வேலை செய்தது பெயின்ட் ஷாப்பில். சட்டையில் சால்வென்ட் வாசம் இருக்கும். பறவையின் நுரையீரல் நம்முடையதைப் போல அல்ல, காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும், கெட்ட காற்று வேகமாக ஏறும். ஒட்டாத தவா அதிகம் சூடாகி வரும் புகையே கூண்டுப் பறவையைக் கொன்றுவிடும். பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் கேனரிக் குருவியை உள்ளே கொண்டுபோனது இதற்காகத்தான், மனிதனுக்கு முன்னால் அது விழும். 1986 வரைக்கும் அந்த வழக்கம் இருந்தது. அந்தக் கூண்டுகளில் சிலவற்றில் சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் பொருத்தியிருந்தார்கள், மயங்கிய குருவியை எழுப்ப. எந்த உயிரை முன்னால் நிறுத்திச் சாகக் கொடுத்தார்களோ அதையே காப்பாற்றவும் வழி பண்ணியிருக்கிறார்கள். இது கருணையா, பொருளைப் பத்திரப்படுத்துவதா என்று என்னால் முடிவுக்கு வர முடியவில்லை. நான் வாசலிலேயே சட்டையை மாற்றிக்கொண்டு உள்ளே போக ஆரம்பித்தேன். ரூமில் கிண்டல் பண்ணினார்கள்.

இந்த இடத்தில் ஒரு உவமை தானாக வந்து நிற்கும்: கூண்டுப் பறவையும் ஹாஸ்டல் பெண்களும், ஒப்பந்தத் தொழிலாளியும் லவ் பேர்டும். நண்பர் ஒருவர் இதையே கவிதையாக எழுதி எனக்கு அனுப்பினார். எனக்கு அது பிடிக்கவில்லை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டில் பலருக்கு உடம்பு கெட்டபோது இங்கே பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். நெடுஞ்சாலை நின்றது. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்தில் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற அளவுக்கு விடுதி எழும்பியதில் அந்த உட்காருதலுக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். இவர்களைப் பறவை என்று எழுதினால் அவர்கள் செய்ததை அழிக்கிறோம். பறவைக்கும் அது நியாயமில்லை. நாங்கள் ஆறு பேரும் சரியோ தப்போ ஒரு கணக்குப் போட்டு இங்கே வந்தோம். அது எந்தக் கணக்கும் போடவில்லை. என்னுடைய ஒரு தூக்கமில்லாத வெள்ளிக்கிழமைதான் அதன் விதி.

பேகனைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துப் போர்வையைக் கொடுத்த வள்ளல். வள்ளல் என்பதற்கு மார்க் வாங்கினோம். மயிலுக்கு என்ன வேண்டும் என்று அவன் பார்த்தானா என்று யாரும் கேட்கவில்லை. குளிர்ந்தது யாருக்கு? நான் அவனைக் குறை சொல்லவில்லை. அவன் போர்வை கொடுத்துவிட்டுப் போய்விட்டான், மயில் அதை உதறிவிட்டுக் காட்டுக்குள் நடந்திருக்கும். நான் மயிலையே போர்வைக்குள் சுற்றி பஸ்ஸில் ஏற்றினேன்.

தனிமைக்குத்தான் வாங்கினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு பேர் இருக்கிற ரூமில் என்ன தனிமை என்று கேட்கலாம். ஷிப்ட் ரூமில் ஆறு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருந்து நான் பார்த்ததில்லை. நான் வரும்போது ஒரு உயிர் என்னைப் பார்த்துக் கத்த வேண்டும், அவ்வளவுதான். கத்தியது. என் கதவுச் சத்தம் கேட்டாலே கம்பியில் ஏறி வந்து ஒட்டிக்கொள்ளும். பாசம் என்று பெருமைப்பட்டேன். ஆஸ்திரேலியாவின் வறண்ட நடுப்பகுதியில் இந்தப் பறவைகள் மழையையும் புல்விதையையும் தேடி ஆயிரக்கணக்கில் கூட்டமாக அலைபவை என்று படித்த அன்றைக்குத்தான் வேறு மாதிரித் தெரிந்தது. அது என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. வேறு யாரும் இல்லாததால் நான் அதன் மந்தையாக இருந்தேன், அதுவும் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காணாமல் போகிற மந்தை.

அப்புறம் ஏன் இன்னொன்று வாங்கவில்லை என்று நீங்கள் கேட்பது நியாயம். ஒரு தப்பைச் சரிபண்ண அதே கடையில் அதே தப்பை இன்னொருமுறை வாங்கத் தோன்றவில்லை. இப்போது யோசித்தால் அது கொள்கையா சோம்பலா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

பதினோராவது மாசம் எங்கள் ஷாப்பில் பாதிப் பேருக்கு கான்ட்ராக்ட் புதுப்பிக்கவில்லை. நானும் அதில் ஒருவன். ஓசூரில் ஒரு வேலை தகைந்தது. இன்னொரு ரூம், முகம் தெரியாத எட்டுப் பேர். பறவையை எடுத்துக்கொண்டு போகலாம், ஆறேழு மணி நேரப் பயணம்தான். கூடவே இருப்பதுதான் கடன் என்று நானே முடிவு பண்ணியிருந்தேன் அல்லவா? ஆனால் கூட இருப்பது என்றால் என் கூடவா, யாராவது கூடவா? முதல் அர்த்தத்தில் அந்த வார்த்தை எனக்கு வசதியாக இருந்தது. என்னைத் தவிர வேறு யாராலும் தீர்க்க முடியாத கடன் என்று நினைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

வாலாஜாபாத்தில் தர்மபுரித் தம்பியின் சூப்பர்வைசருக்குத் தெரிந்த ஒருவர் வீட்டு மாடியில் ஆள் நிற்கிற உயரத்துக்கு வலை அடித்து இருபது பறவைகள் வைத்திருந்தார். விற்பதில்லை. ரிட்டயர்டு வாத்தியார். போனில் அவர் கேட்ட முதல் கேள்வி, "எச்சம் எப்படி இருக்கு, இறக்கை உப்பிட்டு உக்காருதா?" நோய் இருந்தாலும் பறவை வெளியே காட்டாது, வந்ததும் மூன்று வாரம் தனிக் கூண்டில் வைத்துவிட்டுத்தான் கூட்டத்தில் விடுவேன் என்றார். இந்த மனுஷருக்குத் தெரியும் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

அதே மாதிரி அட்டைப்பெட்டி, இந்தமுறை உள்ளே வெள்ளரிக்காய். ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே பஸ் ஏறினேன். கண்டக்டர் கேட்பதற்கு முன்னாலேயே, "அண்ணே, பறவை இருக்கு, அதுக்கு எவ்வளவு?" என்றேன். அவர் என்னையும் பெட்டியையும் பார்த்தார். "ஒக்காருதா, நிக்குதா?" "நிக்குதுண்ணே." "அப்போ வேணாம்" என்று எனக்கு மட்டும் கிழித்துக் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து, ஓசூர் கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள், வாத்தியார் கூப்பிட்டார். அவர் வலைக்கதவைத் திறந்து அதை உள்ளே விட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் தரையில் உட்கார்ந்தது. பதினொரு மாசமாக அது சரியாகப் பறந்து நான் பார்த்ததில்லை, பறக்க வருமா என்றே பயமாக இருந்தது. மேலே ஒரு கம்பியிலிருந்து நாலைந்து ஒரே நேரத்தில் கிளம்பின. இதுவும் கிளம்பியது. ஒரு சுற்று வந்து எல்லாம் எதிர்ப் பக்கம் உட்கார்ந்தபோது அதில் பச்சை உடம்பு, மஞ்சள் முகம், நீல மூக்கு ஏழெட்டு இருந்தன. எது என்னுடையது என்று தெரியவில்லை. "எது சார்?" என்றேன். அவரும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சத்தம் குடுத்துப் பாருங்க" என்றார். நான் கொடுக்கவில்லை.

ரூமில் முக்கால் கிலோ தினை மிச்சம் இருந்தது. சங்கப் பாட்டுகளில் கிளி வந்து தின்றுவிடாமல் பெண்கள் பரண் மேல் இருந்து காவல் காத்த அதே தினை, கிளிக்காக நான் காசு கொடுத்து வாங்கியது. உமியோடு இருக்கிற தீவனத் தினை என்பதால் நாங்கள் பொங்கித் தின்னவும் முடியாது. ராத்திரி மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் கைப்பிடிச் சுவர் நெடுக ஒரு கோடு மாதிரிக் கொட்டினேன். ஒரு வாரம் கழித்துத் தர்மபுரித் தம்பி ஓசூருக்கு ஒரு போட்டோ அனுப்பினான். வெறும் சுவர், கீழே உமி. "யாரு வந்தாங்கன்னு பாக்கலண்ணா, பி ஷிப்ட்" என்று எழுதியிருந்தான்.