இறக்கி வைக்கலாமா?

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம். எனக்கு முன்னால் ஒருவர், தோளில் தூங்கும் மகளோடு நடந்தார். "கொஞ்சம் இறக்கி விடுங்களேன்" என்றேன். "முழிச்சுக்குவா சார்" என்றார்.

ஐரோப்பாவில் மருத்துவச்சித் தேரை என்று ஒன்று உண்டு. பெண் இட்ட முட்டைச் சரத்தை ஆண் தன் பின்னங்கால்களில் சுற்றிக்கொண்டு வாரக்கணக்கில் திரியும். பொரிக்கும் சமயத்தில் தண்ணீரில் இறங்கும். நம்மூர்க் குளத்துத் தேரையோ ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுப் போயே போய்விடும்.

அது நல்ல அப்பா, இது பொறுப்பில்லாத அப்பா என்று சொல்லலாமா? கூடாது. இரண்டும் தத்தம் இயல்பில் இருக்கின்றன. வேறு மாதிரி இருக்கலாமே என்று இரண்டுக்கும் தோன்றாது.

நமக்குத் தோன்றும். இறக்கி வைக்கலாம் என்று தெரிந்தும் சுமப்பதற்குத்தான் பாசம் என்று பெயர்.

என்னையும் ஒருவர் அப்படிச் சுமந்தார். இப்போது ஊரில் தனியாக இருக்கிறார். இறக்கி வைத்தவன் நான்தான்.